கோலை உயர்த்தினால் போதும்

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

இரண்டு படகுகள் என் காலடியை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஆள் ஏறுகிற படகு இல்லை. இரண்டு முழ நீளத்தில் பாய் கட்டிய சின்னப் படகுகள். வெள்ளை வர்ணம் பூசியது வக்கீலுடையது. அதற்கு ஒரு கை முன்னால் வந்த நீலப் பட்டைக்காரன் எங்களுடையது.

என் கையில் நுனியில் துணி சுற்றிய மூங்கில் கோல். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்தேன். கீழே சேறு சில்லென்று கால் விரல்களுக்கு நடுவே ஏறியது. படகின் பெயரை ஒரு தரம் உரக்கச் சொல்லிவிட்டு, கோலால் மூக்கைத் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அந்தப் பெயர்தான் வரவில்லை.

போன வாரம் இந்தத் தொடரில் சாயப் பட்டறையைப் பற்றி எழுதியதில், அடுப்புக்குத் தப்பித்த படகு ஒன்று உண்டு என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அது என்ன படகு என்று நாலைந்து பேர் கடிதாசி போட்டிருக்கிறார்கள். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் ஆகும். அவசரமில்லாதவர்கள் என்னோடு வாருங்கள்.

ஏரிக்கரைச் சங்கம்

யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம். புதுச்சத்திரத்துப் பக்கத்திலிருந்து அம்மாபேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டாவது தை. எங்கள் ஊர்ப் பக்கம் கிணற்றுத் தண்ணீரையே எட்டிப் பார்க்க வேண்டும். இங்கே வீட்டுக்குப் பின்னால் நடந்தால் ஏரி. கார்த்திகை மழைக்கு அது நிறைந்துவிட்டால் தை முடிய வாடைக்காற்றில் மினுமினுத்துக்கொண்டே கிடக்கும்.

அந்த ஏரியில் ஒரு சங்கம் இருந்தது. ரங்கூன் கப்பல்களில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு வந்து தங்கிய பெரியவர் ஒருவர் ஆரம்பித்தது. அவரைக் கப்பல்காரர் என்றே எல்லோரும் சொல்வோம். படித்தவர்கள் அதை யாட் கிளப் என்பார்கள். பேட்டையில் அதற்குப் பொம்மைப் படகுச் சங்கம் என்று பெயர். வக்கீல் ஒருவர், இரும்புக்கடைக்காரர், ரயிலடி உத்தியோகஸ்தர்கள் சிலர், கடைசியாக எங்கள் வீட்டுக்காரர். தறிக்காரர்களில் அவர் ஒருவர்தான்.

பந்தயம் இப்படி. ஏரி குறுகலாக இருக்கும் இடத்தில், இந்தப் பக்கம் கரைமேல் படகுக்காரர் நிற்பார். எதிர்ப் பக்கம் பனைமேட்டில் அவருடைய கூட்டாளி நிற்பார். காற்றுக்குத் தக்கபடி பாயைக் கட்டி இங்கிருந்து விட்டால் படகு தானாகப் போக வேண்டும். நடுத் தண்ணீரில் யாரும் தொடக்கூடாது. அக்கரை போய்ச் சேர்ந்ததும் கூட்டாளி கோலால் திருப்பிவிடுவார். திருப்பலாம், தள்ளக்கூடாது. எந்தப் படகு முதலில் திரும்பி வந்து இரண்டு கொடிகளுக்கு நடுவே மூக்கை நீட்டுகிறதோ, அதற்கு வெற்றி.

விதிகள் மொத்தம் ஏழு. இங்கிலீஷில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார் கப்பல்காரர். ஒரு தரம் இரும்புக்கடைக்காரர், எதிராளி படகு ஆடட்டும் என்று தண்ணீரில் கல்லை விட்டெறிந்தார். ஒரு வருஷம் ஏரிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடைப்பையன்கள் முன்னால் அவருக்குத் தலை நிமிர முடியவில்லை.

ஒன்று கவனியுங்கள். இக்கரையில்தான் நடுவர் உண்டு. அக்கரையில் கிடையாது. பந்தயம் முடிந்து கூட்டாளிகள் ஏரியைச் சுற்றி நடந்து வந்ததும் கப்பல்காரர் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "அக்கரையில எல்லாம் ஒழுங்கா?" அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் தீர்ப்பு. தப்பு செய்தவன் தானே சொல்ல வேண்டும். சொல்லுவார்கள் ஐயா. அந்த ஏரிக்கரையில் சொல்லுவார்கள்.

கல்யாண முருங்கையும் நூறாம் நம்பர் நூலும்

எங்கள் படகுக்கு உடம்பு கல்யாண முருங்கைக் கட்டை. எங்கள் வீட்டுக்காரர் இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து குடைந்தார். அடியில் ஈயம் உருக்கி ஊற்றினார். பாய் மட்டும் என் வேலை.

வக்கீலின் பாய் மதராஸ் கடையில் வாங்கியது. எங்களுடையது எங்கள் தறியில் நெய்தது, மெல்லிசான நூறாம் நம்பர் நூல். துணியைக் கோணலாக வெட்டினால் அந்த ஓரம் இழுபட்டு நீளும், காற்று வழிந்து போகும். அதனால் துணியின் கரையையே பாயின் பின் ஓரமாக வைத்துத் தைத்தேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கப்பல்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எவன்டா தைச்சான் இத?" என்று கேட்டார். எவனும் இல்லை, வீட்டுக்காரி தைத்தது என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னபோது கப்பல்காரரின் காது சிவந்ததாம். எனக்கு அது போதும்.

மாமனாருக்குத்தான் பிடிக்கவில்லை. சத்தம் போடுகிற மனுஷர் இல்லை. தறிக்குழியில் உட்கார்ந்தபடி, நாடா ஓட்டுகிற கையை நிறுத்தாமல் பேசுவார்.

"தறியில இருக்கறத விடத் தண்ணியில இருக்கறது ஜாஸ்தியாப் போச்சு. இந்தத் தை நோம்பிக்கு ஜெயிச்சுட்டு வா, வெச்சுக்க. இல்லாட்டி அந்தக் கட்டை சாய அடுப்புக்கு."

சொன்னால் செய்கிறவர். அவரைக் குளிர வைக்க எங்கள் வீட்டுக்காரர் ஒரு யோசனை செய்தார். படகின் பக்கத்தில் நீலப் பட்டை போட்டு, அதில் அப்பாவின் பெயரையே எழுதிக் கொண்டுவந்து காட்டினார்.

மாமனாருக்குத் தன் பெயரை மட்டும் வாசிக்கத் தெரியும். விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவினார்.

"பேரு வெச்சா உட்ருவேன்னு பாத்தியா?" என்றார். ஆனால் படகை உடனே கீழே வைக்கவில்லை.

சொல்லாத பெயர்

இந்தக் காலத்துப் பெண்கள் சிரிப்பார்கள். சிரியுங்கள். நாங்கள் கட்டினவர் பெயரையும் சொல்ல மாட்டோம், மாமனார் பெயரையும் சொல்ல மாட்டோம். மாமனாருக்கு மலைமேல் இருக்கிற சாமியின் பெயர். அதனால் எனக்குச் சாமியின் பெயரும் போயிற்று. "மலைக்காரரே, காப்பாத்துங்க" என்றுதான் கும்பிடுவேன்.

அம்மை குத்த வந்த உத்தியோகஸ்தர் ஒரு தரம் வீட்டுப் பெரியவர் பெயரைக் கேட்டார். நான் சுவரில் தொங்கிய காலண்டர் சாமியைக் காட்டினேன். அவர் படத்துக்குக் கீழே இருந்த கடைக்காரர் பெயரைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச காலம் சர்க்கார் கணக்கில் எங்கள் வீடு ஜவுளிக்கடைக்காரர் வீடாக இருந்தது.

இந்தத் தொடரிலும் அந்தப் பெயரை எழுதப் போவதில்லை. ஆசிரியர் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டேன்.

காணும் பொங்கலன்று

பந்தயம் காணும் பொங்கலன்று. எங்களுக்காக அக்கரையில் எப்போதும் நிற்கிற ரங்கன், பக்கத்துத் தறிக்காரர், முந்தின நாளே காய்ச்சலில் படுத்துவிட்டார். கட்டிலிலிருந்து எழ முடியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன், "ஏனுங்க, நான் நிக்கறேனுங்க."

"நீயா?"

"சோறு கொண்டாந்து குடுத்துட்டு, யாரும் இல்லாதப்ப எத்தன தரம் திருப்பியுட்டிருக்கறேன்? நீங்கதானே கத்துக் குடுத்தீங்க?"

கப்பல்காரரிடம் போய்க் கேட்டார். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கூட்டாளி மீசை வெச்சிருக்கணும்னு விதியில இல்லையே" என்றாராம்.

ஏரிக்கு நடந்து போகும்போதே எங்கள் வீட்டுக்காரர் ஏழு விதியும் ஒப்பித்தார். ஏழாவது இது: இரண்டு படகும் ஒரு கோல் தூரத்துக்குள் சேர்ந்து கரைக்கு வந்தால், கோலை வைக்கும் முன்னால் தன் படகின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவர் தன் கோலை விலக்கிக்கொள்வார். சொல்லாமல் தொட்டால் தோல்வி.

"பேரச் சத்தமாக் கூப்புடோணும், ஆமா" என்றார்.

"சரிங்க" என்றேன்.

அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வீட்டில் அதைப் படகு என்றுதான் சொல்வோம். ஏரியைச் சுற்றிப் பாதி தூரம் தனியாக நடந்த பிறகுதான் எனக்குத் திக்கென்றது. கூப்பிட வேண்டியது மாமனார் பெயரை அல்லவா?

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பந்தயத்திலிருந்து விலக வேண்டும், படகு அடுப்புக்குப் போகும். இரண்டு படகும் சேர்ந்து வராமல் இருந்துவிட்டால் போதும், மலைக்காரரே என்று நடந்துவிட்டேன். அது என் தப்பு. இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

முதல் இரண்டு பந்தயத்திலும் மலைக்காரர் கைவிடவில்லை. எங்கள் படகு எதிராளிக்கு நாலு கோல் தூரம் முன்னால் வந்தது. பெயர் சொல்லத் தேவையே இல்லை. திருப்பிவிட்டேன், ஜெயித்தோம்.

வேடிக்கை பார்க்க வந்த ஒருவன், "சேலையக் கட்டிக்கிட்டுப் படகோட்ட வந்துட்டாங்கப்பா!" என்று கத்தினான்.

"அந்தச் சேலைய நெய்யறதே நாங்கதானுங்க" என்றேன்.

கடைசிப் பந்தயம் வக்கீலோடு. அவர் படகு கடல்ராணி. அவருக்குக் கூட்டாளி அவருடைய குமாஸ்தா. என் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். எதிர்க்கரையில் கூட்டத்துக்கு நடுவே ஒரு மஞ்சள் தலைப்பாகை தெரிந்தது. மாமனார். அதுவரை ஏரிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், தன் பெயர் தண்ணீரில் போகிறதைப் பார்க்க வந்திருந்தார்.

படகுகள் ஒன்றாகவே வந்தன. எங்களுடையது ஒரு கை முன்னால். அந்த நேரம் பார்த்துக் கோயில் மேளம் கரைமேல் ஏறியது.

வாயைத் திறந்தேன். முதல் எழுத்து நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் அந்த மஞ்சள் தலைப்பாகை. படகு மூக்கு சேற்றில் குத்தப் போகிறது. கை தானாகப் போயிற்று. கோலை வைத்துத் திருப்பிவிட்டேன்.

அப்புறம்தான் குமாஸ்தா, "கடல்ராணி!" என்று கூவிக்கொண்டு தன் படகைத் திருப்பினார். அவர் கண் முழுக்க அவர் படகின் மேல்தான் இருந்தது.

எங்கள் படகு ஓடியது பாருங்கள். பாய் முழுக்க வாடைக்காற்று. பின் ஓரம் ஓர் இழை நடுங்கவில்லை. நான் தைத்த பாய். கொடிக்குள் முதலில் நுழைந்தது அதுதான். எங்கள் வீட்டுக்காரர் துண்டைச் சுழற்றிக்கொண்டு குதிப்பது அக்கரையிலிருந்தே தெரிந்தது.

சுற்றி வந்த வழி

குமாஸ்தாவும் நானும் ஏரியைச் சுற்றி நடந்தோம். சேலைக் கொசுவம் ஈரத்தில் காலைத் தட்டியது. வரப்பு ஓரத்தில் அறுத்த நெல் தாளின் வாசம்.

"நல்ல பாயிங்க அம்மிணி" என்றார் அவர். "எங்க ஐயா மதராசுக்குக் காசக் கொட்டி வாங்குனாரு. என்னத்துக்கு ஆச்சு?"

கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. நான் கூப்பிட்டதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். பேசாமல் இருந்தால் படகு அடுப்புக்குத் தப்பும், எங்கள் வீட்டுக்காரரின் சிரிப்பும் தங்கும். மதகைத் தாண்டும்போது அப்படித்தான் இருந்துவிடலாம் என்று பட்டது. தாண்டின பிறகு, தண்ணீரில் கல் விட்டெறிந்த இரும்புக்கடைக்காரரின் முகம் ஞாபகம் வந்தது.

கரை ஏறினோம். எங்கள் வீட்டுக்காரரின் கழுத்தில் யாரோ சாமந்தி மாலையைப் போட்டிருந்தார்கள். மாமனார் கையில் ஒரு முழுக் கரும்பு. எனக்குத்தான் வாங்கியிருக்கிறார்.

கப்பல்காரர் முதலில் குமாஸ்தாவைக் கேட்டார். "அக்கரையில எல்லாம் ஒழுங்கா?"

"என்ற பக்கம் ஒழுங்குங்க. மேளச் சத்தத்துல காதுல ஒண்ணும் உழுகல. அந்த அம்மிணி சொன்னாச் சரி."

பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, எல்லாம் ஒழுங்கா?"

"இல்லீங்க" என்றேன். "நான் பேரக் கூப்புடலீங்க. கூப்புடாமயே தொட்டுட்டனுங்க."

"ஏன்?"

"அது எங்க மாமனார் பேருங்க."

கூட்டம் சிரித்தது. அப்புறம் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டுக்காரர் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மாமனார் கரும்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

வக்கீல் முன்னால் வந்தார். "இது என்ன ஜெயிப்பு? எனக்கு வேண்டாம். இன்னொரு ஓட்டம் விடுவோம்."

கப்பல்காரர் எங்கள் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்ற?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"வேண்டாமுங்க" என்றார். "விதி தெரிஞ்சுதான் தண்ணியில உட்டோம். அவிங்க ஜெயிச்சதுதான்."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த மாலையை வக்கீல் கழுத்தில் போட்டார். அந்த மனுஷரோடு நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தேன். நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் பண்ணிப் போட்டதில்லை. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் முதுகு நிமிர்ந்துகொள்ளும்.

அடுப்படி

படகை மாமனார்தான் தூக்கிக்கொண்டு வந்தார், கக்கத்தில் இடுக்கியபடி. நேராகச் சாயப் பட்டறைக்குள் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம். எங்கள் வீட்டுக்காரர் பாயை மட்டுமாவது அவிழ்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட வீடு.

பட்டறைக்குள்ளிருந்து புகை வந்தது. எட்டிப் பார்த்தேன். அடுப்பில் எரிந்தது பனை மட்டை. மாமனார் படகைத் தலைகீழாகப் பிடித்து, ஈரம் போக அனலில் காட்டிக்கொண்டிருந்தார், குழந்தைக்குத் தலை காய வைக்கிறாற்போல.

என்னைப் பார்க்காமலே கேட்டார்: "என்ற பேரு அவ்வளவு பெரிய பேரா, சாமி?"

உள்ளே போய் இன்னொரு மட்டையை அடுப்பில் வைத்தேன்.

"சொல்லித் தொலைச்சிருந்தா நானென்ன கரைஞ்சா போயிருப்பேன்? போகட்டும். சொல்லலைன்னு ஒத்துக்கிட்ட பாரு, அத எவன் சொல்லுவான்?" அடுப்பைக் கிளறினார். "அந்தக் கரும்ப எடுத்துத் தின்னு. உனக்குத்தான் வாங்குனது."

அன்றைக்கே படகு தறிக்கு மேல் உத்தரத்தில் ஏறிவிட்டது. அடுத்த கார்த்திகையில் ஏரி நிறைந்ததும் அவரே இறக்கிக் கொடுத்தார்.

ஒரு வரி

பந்தயம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துக் கப்பல்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் அந்த நோட்டோடு. மோர் குடித்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அதனாலதான் தமிழ்ல எழுதியிருக்கேன். சங்கத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. மெதுவாப் படிச்சுக்க."

முழுக்க இங்கிலீஷாக இருந்த நோட்டில், ஏழாவது விதிக்கு அடியில் தமிழில் ஒரே ஒரு வரி. அவர் வாசித்துக் காட்டினார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளைத் தறிக்கம்பத்தில் ஒட்டி, ஊடை நூல் சுற்றுகிற நேரத்தில் ஒவ்வோர் எழுத்தாக எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுக் கற்றேன். நான் வாசித்த முதல் வரி அது. அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம், இன்றைக்கு உங்களுக்கு எழுதுகிறது உட்பட, அந்த வரியிலிருந்து வந்ததுதான்.

அடுத்த தையிலும் அக்கரையில் நான்தான் நின்றேன். ரங்கன் நன்றாகத்தான் இருந்தார், அவரே விட்டுக்கொடுத்தார். படகுகள் சேர்ந்து வந்தன. கோலைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினேன். இக்கரையிலிருந்து மாமனார் தலைப்பாகையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு, ஏரி அதிரத் தன் பெயரைத் தானே கூவினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கப்பல்காரர் நடுவராயிற்றே, சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்.

ஜெயித்தீர்களா என்று கேட்டு யாரும் கடிதாசி போட வேண்டாம். ஜெயித்தோம்.

அந்த நோட்டில் என் பெயர் இல்லை. வரி மட்டும் இருக்கிறது. பழுப்பேறிப் போன அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுகிறேன்:

'பெயரைச் சொல்ல இயலாதவர், கோலைத் தலைக்கு மேல் உயர்த்தினால் போதும்; அதைச் சொன்னதாகவே சங்கம் ஏற்றுக்கொள்ளும்.'